நுணலுக்கு ஒரு குட்டை வேண்டும்

தமிழ்நாட்டில் சாலமாண்டர் கிடையாது. விலங்கியல் பாடத்தில் நீர்நில வாழ்விகள் மூன்று வகை என்று படிக்கிறோம். தவளையும் தேரையும் ஒன்று, வால் உள்ள சாலமாண்டர் இன்னொன்று, காலே இல்லாமல் மண்புழு மாதிரி இருக்கும் சிசிலியன் மூன்றாவது. இதில் சிசிலியன் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. சாலமாண்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் ஏறி டார்ஜிலிங், சிக்கிம், மணிப்பூர், அருணாச்சலப் பக்கம் போக வேண்டும். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் பல்லி இல்லை. செதில் கிடையாது, தோல் ஈரமாக இருக்க வேண்டும், முட்டை தண்ணீருக்கு வர வேண்டும்.

தாம்பரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

டார்ஜிலிங்கிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தூரத்தில் ஜோர்போக்ரி என்று ஒரு இடம். இரட்டைக் குளம் என்று அர்த்தம். 1985இல் அதை வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். பரப்பளவு எவ்வளவு தெரியுமா? 0.04 சதுர கி.மீ. அதாவது பத்து ஏக்கர்! புலிக்கோ யானைக்கோ இல்லை, அந்த சாலமாண்டருக்காக. (இமயமலைக் கிழக்கில் உள்ள இந்த இனத்தை ரொம்ப நாளாக டைலோடோட்ரைட்டான் வெருகோசஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல்தான் நேபாளம், டார்ஜிலிங் பக்கத்து விலங்கு தனி இனம் என்று பிரித்து ஹிமாலயானஸ் என்று பெயர் வைத்தார்கள்.) சுற்றுலா விடுதி, வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் என்று அங்கேயும் தொல்லைகள் உண்டு. ஆனாலும் ஒரு குட்டையை, அது குட்டை என்பதற்காகவே, அதில் முட்டை இடும் ஒரு வழுவழுப்பான சிறு பிராணிக்காகவே சட்டம் போட்டுக் காப்பாற்றலாம் என்று ஒரு அரசாங்கத்துக்குத் தோன்றியது. அதுதான் இங்கே முக்கியம்.

அந்த சாலமாண்டர் வருஷம் முழுக்கக் குளத்தில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஆழமில்லாத தண்ணீருக்கு வந்து முட்டை வைக்கும். மற்ற நாளெல்லாம் கரைக்கு மேலே, கல்லுக்கு அடியில், மரக்கட்டைக்கு அடியில், ஈர மண்ணில் ஒளிந்திருக்கும். குளத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு, சுற்றி உள்ள மண்ணுக்கு சிமெண்ட் போட்டால் குளம் இருக்கும், சாலமாண்டர் இருக்காது.

இப்போது தாம்பரத்துக்கு வருவோம்.

நுணல் தன் வாயால் கெடும் என்று ஒரு பழமொழி எல்லோருக்கும் தெரியும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்பவனைச் சொல்ல இன்றைக்கும் பயன்படுகிறது. பழமொழி நானூறு பாட்டில் அந்த நுணல் மணலுக்குள் புதைந்து மறைந்து கிடக்கும் தவளை. வெளியே தெரியாமல் இருந்தது, கத்தியதால் மாட்டிக்கொண்டது. இதை எழுதியவர் தவளையைக் கவனித்துப் பார்த்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஏனென்றால் மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளைகள் இந்தக் கிழக்குக் கரைச் சமவெளியில் நிஜமாகவே இருக்கின்றன.

யூபெரோடான் சிஸ்டோமா என்று ஒன்று. பலூன் தவளை என்று சொல்வார்கள். உருண்டையாக, பளிங்குக் கல் மாதிரி புள்ளியும் கோடுமாக, சின்னத் தலை, குட்டைக் கால். பின்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டு பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். வருஷத்தில் பெரும்பகுதி தரைக்குக் கீழேதான். சாப்பாடு எறும்பும் கரையானும். நல்ல மழை கொட்டியதும் மேலே வந்து, தேங்கிய தண்ணீரில் மிதந்துகொண்டு கத்தி, ஜோடி சேர்ந்து, முட்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். இந்தக் கூத்தெல்லாம் சில ராத்திரிகளில் முடிந்துவிடும். வருஷத்தில் சில ராத்திரி மட்டுமே வெளியே வரும் பிராணிக்கு ஓட்டர் ஐடி யார் கொடுப்பார்கள்!

சேலையூர், மாடம்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் பக்கம் காலி மனை என்று ஒரு இடம் இருந்தால் அதுதான் இதற்கு வீடு. பட்டா போட்டு, கல் நட்டு, யாரோ எப்போதோ வாங்கிப் போட்ட மனை. முள்செடி மண்டிக் கிடக்கும். மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும், ஒன்றிரண்டு மாதத்தில் வற்றிவிடும். மனைக்காரருக்கு அது தொல்லை. தவளைக்கு அந்த வற்றுவதுதான் வரம். வற்றும் குட்டையில் மீன் தங்காது. மீன் இல்லாத தண்ணீரில்தான் முட்டையும் தலைப்பிரட்டையும் பிழைக்கும். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஆழமான ஏரியை விட, நாற்பது ஐம்பது நாள் மட்டும் நிற்கும் சொட்டைக் குட்டைதான் பல தவளை இனங்களுக்கு உயர்ந்த இடம். இது பலருக்குத் தெரியாத விஷயம். ஏரி இருக்கிறதே, அங்கே போய் இருந்துகொள்ளட்டுமே என்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

எல்லாத் தவளையும் இப்படி என்றும் இல்லை. சுவரில், பாத்ரூம் ஜன்னலில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த மரத்தவளை தண்ணீருக்கு மேலே நுரையில் கூடு கட்டும். முட்டை நுரைக்குள் இருக்கும். பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் சொட்டும். வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் சுண்ணாம்புத் தவளை, வெள்ளையடித்த சுவரில் இருந்ததால். இன்னொன்று, பழைய பாடப்புத்தகத்தில் ரானா ஹெக்சாடாக்டைலா என்று வரும் பச்சைத் தவளை. தமிழ்நாட்டில் பல தலைமுறை மாணவர்கள் மெழுகுத் தட்டில் ஊசி குத்தி அறுத்துப் பார்த்தது இதைத்தான். 1834இல் இதை விவரித்தபோது மாதிரி போனது புதுச்சேரியிலிருந்து. இப்போதைய பெயர் யூஃப்ளிக்டிஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வளர்ந்த தவளை என்றால் பூச்சிதான் தின்னும் என்று படித்திருப்போம். தென்னிந்தியாவில் இந்திரநீல் தாஸ் செய்து 1996இல் வெளியான ஆய்வில், வளர்ந்த பச்சைத் தவளைகளின் வயிற்றில் பெரும்பங்கு இலை தழை! சைவத் தவளை. அறுத்துப் பார்த்த எத்தனை பேர் வயிற்றைத் திறந்து என்ன தின்றிருக்கிறது என்று பார்த்தார்கள்? நரம்பைக் கண்டுபிடித்தால் மார்க், இலையைக் கண்டுபிடித்தால் மார்க் இல்லை.

இந்தப் பச்சைத் தவளைக்கு மட்டும் நிரந்தரத் தண்ணீர் வேண்டும், அதில் மிதக்கும் செடி வேண்டும். பள்ளிக்கரணை மாதிரியான இடங்கள்தான் அதற்கு ஊர்.

பள்ளிக்கரணைக்காகப் போராடியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு காலத்தில் சுமார் 5000 ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு நிலம் குப்பைமேடு, சாலை, ரயில், கம்ப்யூட்டர் கம்பெனி என்று கடித்துக் குதறப்பட்டு சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகு, 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் 1247 ஹெக்டேருக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. நல்லது. ஆனால் இதெல்லாம் யாருடைய பெயரால் நடந்தது? பறவைகள் பெயரால். பள்ளிக்கரணை பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பட்டியலில் பறவை 115 வகை, நீர்நில வாழ்வி 10 வகை. பூநாரை வந்தால் பேப்பரில் போட்டோ வரும். ஜனவரி மாதம் ஆனால் தொலைநோக்கியோடு பறவை எண்ணப் போகிறார்கள், வனத்துறையே முன்நின்று நடத்துகிறது. அந்தப் பத்து வகைக்கு அப்படி ஊர் கூடும் திருவிழா கிடையாது. எண்ணாத ஒன்று குறைந்துவிட்டது என்று எப்படி நிரூபிப்பது?

இங்கேதான் சாலமாண்டருக்கும் தாம்பரத்துத் தவளைக்கும் உள்ள வித்தியாசம். சாலமாண்டர் அபூர்வம். எனவே பத்து ஏக்கர் கிடைத்தது. இங்கே உள்ளவை எல்லாம் சாதாரணம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பலூன் தவளை, மரத்தவளை, மாட்டுத்தவளை எல்லாவற்றுக்கும் எதிரே கவலை குறைந்தவை என்றுதான் போட்டிருக்கும். அது தப்பும் இல்லை. பரவல் வரைபடத்தை எடுத்தால் இந்தியாவின் பெரும்பகுதிக்கு வண்ணம் அடித்திருக்கும். ஆனால் அந்த வண்ணம் ஒரு நாட்டுக்குச் சொல்வது, ஒரு தெருவுக்குச் சொல்வது இல்லை. வரைபடத்தில் வண்ணம் அப்படியே இருக்கும்போதே கீழே ராஜகீழ்பாக்கத்தில் காணாமல் போகலாம், செம்பாக்கத்தில் காணாமல் போகலாம், சிட்லபாக்கத்தில் காணாமல் போகலாம். யாரும் வரைபடத்தை மாற்றப் போவதில்லை. உலகம் முழுக்க எடுத்த கணக்கு 2023இல் வெளியானது. நீர்நில வாழ்விகளில் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன, சாலமாண்டர்களில் மட்டும் ஐந்தில் மூன்று. அந்தக் கணக்கில் தாம்பரத்து இனம் எதுவும் வராது. வராமலேயே தாம்பரத்தில் தீர்ந்துபோக முடியும்.

மாட்டுத்தவளை கதை இதற்கு நல்ல உதாரணம். இனப்பெருக்க நேரத்தில் ஆண் எலுமிச்சை மஞ்சளாக மாறி, கன்னத்தில் இரண்டு நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்தும். ஒரு காலத்தில் ஏற்றுமதிச் சரக்கு. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக்கால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. வயலில் பிடித்து, காலை மட்டும் வெட்டி எடுத்து, மீதியைத் தூக்கிப் போட்டார்கள். வயலில் பூச்சி பெருகுகிறது என்ற கூச்சல் எழுந்தது. 1985இல் மாட்டுத்தவளையும் பச்சைத் தவளையும் சைட்டிஸ் பட்டியலில் சேர்ந்தன. 1987இல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. அதோடு பிரச்சினை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். பிடிப்பது நின்றது சரி, அப்புறம் வயலே போய்விட்டதே! தாம்பரத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் ஏரிக்குக் கீழே ஆயக்கட்டாக இருந்த நிலமெல்லாம் நகர் ஆகிவிட்டது. சட்டத்தால் தவளையின் காலைக் காப்பாற்ற முடிந்தது, அது நிற்க இடம் தர முடியவில்லை.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். இதே மாட்டுத்தவளை அந்தமானில் அந்நிய இனமாக நுழைந்து, அங்குள்ள தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தன் தலைப்பிரட்டைகளுக்கு இரையாக்கிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ச் சொறித்தேரையின் உறவுகள் மடகாஸ்கரில் இறங்கியது 2014இல் தெரிந்து அங்குள்ளவர்கள் தலையில் கை வைத்தார்கள். இவ்வளவு முரட்டுப் பிராணிகளுக்கா பாதுகாப்பு என்று சிரிக்கலாம். ஆனால் தீவையே பிடிக்கும் தவளைக்கும் டைல்ஸ் தரையில் முட்டை போட முடியாது.

சட்டம் என்று பேசும்போது ஒரு ஓட்டையைச் சொல்லியே ஆக வேண்டும். 2017ஆம் வருஷத்து ஈரநில விதிகளில் ஈரநிலம் என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. ஆற்றுப் படுகை, நெல் வயல், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதன் வெட்டிய நீர்நிலைகள் எல்லாம் அதிலிருந்து விலக்கு. தென்சென்னைப் புறநகரில் உள்ள ஏரிகளில் பெரும்பாலானவை என்ன? பாசனத்துக்காக முன்னோர் கரை கட்டிய ஏரிகள்தானே. ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைக்குப் போய்ச் சேரும் சங்கிலி. கடைசிக் கண்ணிக்கு ராம்சார் மாலை, மற்றக் கண்ணிகளுக்கு விதியில் இடமே இல்லை.

சரி, ஏரிகளைச் சீரமைக்கிறார்களே? சீரமைக்கிறார்கள். செம்பாக்கம் ஏரியில் தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து கழிவுநீரிலிருந்து ஏரியை மீட்கும் வேலையில் இறங்கியது நல்ல முயற்சி. ஆனால் ஊர்ப்பக்கம் பொதுவாக ஏரி சீரமைப்பு என்றால் ஒரே சமையல் குறிப்புதான். தூர் வாரு, ஆழப்படுத்து, கரையைச் செங்குத்தாக்கு, கல் பதி, நடைபாதை போடு, விளக்கு நடு, நடுவில் ஒரு தீவு, வாசலில் ஒரு செல்ஃபி பலகை. காலையில் நடக்கிறவர்களுக்கு சந்தோஷம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, சாக்கடையாகக் கிடந்ததை விட இது எவ்வளவோ மேல். ஆனால் செங்குத்தான கல் கரையில் தலைப்பிரட்டை கால் முளைத்து எப்படி ஏறும்? ஏறினாலும் மேலே நடைபாதை, அதற்கு அப்புறம் தார் ரோடு. சரிவான மண் கரையும், கணுக்கால் ஆழத் தண்ணீரும், கோரையும்தான் ஏரியின் பிரசவ வார்டு. அதைத்தான் முதலில் இடிக்கிறார்கள்.

கொசுவுக்காகக் கிணற்றிலும் குட்டையிலும் கம்பூசியா மீனை விடுவது இன்னொரு பழக்கம். 1928இல் இந்தியாவுக்கு வந்த மீன் இது, பூர்வீகம் வட அமெரிக்கா. கொசுப்புழுவைத் தின்னும், உண்மைதான். கூடவே தவளை முட்டையையும் சின்னத் தலைப்பிரட்டையையும் தின்னும். கலிஃபோர்னியா ஓடைகளில் இதே மீன் அங்குள்ள சாலமாண்டர் குஞ்சுகளைத் தின்பதை 1990களிலேயே பதிவு செய்துவிட்டார்கள். அதே சமயம், தவளையை விட்டால் கொசு ஒழிந்துவிடும் என்று சில இயற்கை ஆர்வலர்கள் சொல்வதும் மிகைதான். டெங்கு கொசு வளர்வது மாடித் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும். அங்கே எந்தத் தவளையும் போய் ட்யூட்டி பார்க்கப் போவதில்லை. தவளையைக் காப்பாற்ற அது கொசு மருந்தாக இருந்தே ஆக வேண்டுமா என்ன?

இதற்கு எதிராக நியாயமான ஒரு குரல் உண்டு. முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களிடம் போய்த் தண்ணீர் தேங்கட்டும், தவளைக்கு நல்லது என்று சொன்னால் அடிக்க வருவார்கள். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள். அவர்கள் கேட்பது மழைநீர் வடிகால், கேட்பது நியாயம். ஆனால் அந்தத் தண்ணீர் வீட்டுக்கு வந்தது நிற்பதற்கு வேறு இடம் இல்லாததால். காலி மனை, தாங்கல், குட்டை எல்லாம் அடைபட்ட பிறகு வடிகாலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அது அடுத்த ஏரியாவுக்கு வெள்ளத்தைத் தள்ளிவிடும் வேலைதான். கொழும்பு நகரம் வெள்ளத்துக்காகவே தன் சதுப்பு நிலங்களை வைத்துக் காப்பாற்றுகிறது. 2018இல் உலகின் முதல் ராம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகாரமும் வாங்கியது. அங்கும் மனை விலை மலிவில்லை.

தாம்பரத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் நகரத்தை விட்டு இங்கே வந்தபோது 365 ஏக்கர் புதர்க்காட்டு நிலம் கிடைத்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அதை மரமும் புதருமாக வளர்த்தார்கள். வெட்டிச் சமன் செய்து தோட்டமாக்க நினைக்காமல், மண் மேடு பள்ளமாக இருக்க விட்டதால்தான் அது இன்றும் காடு மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் நன்மங்கலத்தில் 320 ஹெக்டேர் காப்புக்காடு, பழைய கல்குவாரித் தண்ணீரோடு. இந்தப் பக்கம் வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சுற்றிய காடு. மூன்றுக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோடும் வேளச்சேரி ரோடும் ஆயிரக்கணக்கான காம்பவுண்டுச் சுவரும். பறவை பறந்து தாண்டிவிடும். தவளை மழை ராத்திரியில் ரோட்டைத் தாண்டும்போது என்ன ஆகும் என்பது மறுநாள் காலை ரோட்டில் ஒட்டியிருக்கும். பிரிட்டனில் தேரைகள் குளம் தேடி வரும் வசந்தகால ராத்திரிகளில் தன்னார்வலர்கள் பக்கெட்டில் அள்ளி ரோட்டைத் தாண்டி விடுகிறார்கள். அதற்கெல்லாம் இங்கே நேரம் இல்லை என்றால் பரவாயில்லை, பக்கெட் வேலை பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஆக வேண்டியது மூன்றே காரியம், மூன்றும் செலவைக் கூட்டுவதல்ல, குறைப்பது. ஏரி சீரமைப்பு ஒப்பந்தம் எழுதும்போது கரையின் ஒரு பக்கத்தையாவது கல் பதிக்காமல், நடைபாதை இல்லாமல், சரிவான மண்ணாக விடு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது, அந்த ஒரு வரியை எழுத ஆள் இல்லாமல் இல்லை. அடுத்தது, லேஅவுட்டுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கும் பொது இடத்தில் ஒரு மூலையை மண் கொட்டி உயர்த்தாமல் பள்ளமாகவே விடுவது. மழைக்குக் குட்டை, கோடைக்குப் பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடம்.

மூன்றாவது காரியம் கல்லூரி மாணவர்களால் ஆவது. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுக்கும் பாடத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. விலங்கியல் வகுப்பில் அந்தப் பிராக்டிகல் நேரம் காலியாகத்தானே இருக்கிறது? தவளையை எண்ண தொலைநோக்கி வேண்டாம், கண்ணில் படவே வேண்டாம், காது போதும். ஒவ்வொரு இனத்துக்கும் குரல் வேறு. முதல் பெருமழை பெய்த ராத்திரி எட்டு மணிக்கு மேல், சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை இருக்கும் ஒவ்வொரு காலி மனைப் பக்கமும் ஐந்து நிமிடம் நின்று, எந்தக் குரல் கேட்டது, எந்தக் குரல் கேட்கவில்லை என்று நோட்டில் குறித்தால் அது ஒரு வருஷத்துக் கணக்கு. பலூன் தவளை கத்துவது அந்த ஓரிரு ராத்திரிதான், மறுவாரம் போனால் கிடைக்காது. கையில் டார்ச், காலில் ஷூ அவசியம், தவளை தேடி வருவது மாணவர்கள் மட்டுமில்லை, பாம்பும்தான்.